குருதியுறையா நோயும் மூட்டு நோவும்

1912ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அக்காலம் உருசிய ஆட்சியின் கீழிருந்த போலந்து நாட்டு ஸ்பாலா வேட்டை மாளிகையில், சார் மன்னர் இரண்டாம் நிக்கலசின் ஒரே மைந்தன் அலெக்சி பல நாள் கதறிக் கிடந்தான். எட்டு வயதுச் சிறுவன். புறத்தே காயம் எதுவுமில்லை; தொடையிலும் அரையிலும் உள்ளே கசிந்த குருதி தசையையும் நரம்பையும் நெருக்கிற்று. இறந்தால் இந்நோவு நீங்குமா எனத் தாயை வினவினான் என்பர். மறு ஆண்டு நடந்த அரச விழாவிலும் அவனைக் கொசாக்கு வீரனொருவன் தூக்கிச் செல்லவேண்டியிருந்தது.

ஹீமோபீலியா என வழங்கும் குருதியுறையா நோயுடையார் சிறு கீறலாலேயே உயிரிழப்பர் எனப் பலரும் எண்ணுவர். அது பொருந்தாது. உறைதலுக்கு வேண்டும் எட்டாம் காரணியேனும், அலெக்சிக்குப் போல ஒன்பதாம் காரணியேனும் குறைந்தோரை வாட்டுவது, முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுக்களினுள் நிகழும் குருதிப்பெருக்கேயாம்.

அதனால் எழும் நோவு இருவகைத்து. இரண்டையும் வேறுபிரித்தறியாவிடின் மருத்துவம் பயன்படாது. முதலாவது, புதிய குருதிப்பெருக்கின் நோவு. வீக்கம் தோன்றுமுன்னரே மூட்டினுள் வெதுவெதுப்பும் குறுகுறுப்பும் இறுக்கமும் உண்டாவதை நோயாளி உணர்வான். பின்னர் அசைக்குந்தோறும் நோவு மிகும். அந்நேரத்தில் அவன் சொல்லன்றி வேறு சான்றில்லை. பாடவேளையில் இவ்வாறு முறையிடும் மாணவனைப் பாசாங்குக்காரன் எனக் கடிவது பெருந்தவறு. குறைந்த காரணியை நாளத்தினூடாக விரைந்து ஏற்றுதலே இங்கு முதல் மருந்து. மூட்டுக்கு ஓய்வு, சிறிது நேரம் துணியிற் சுற்றிய பனிக்கட்டி, தேவைக்குப் பரசிற்றமோல் என்பன அதற்குத் துணை. அஸ்பிரின் ஆகாது, அது குருதிச் சிறுதட்டுக்களின் தொழிலைக் கெடுத்துப் பெருக்கை மிகுவிக்கும். ஐபுபுரோபன் போன்றனவும் வைத்தியர் கூறாது உட்கொள்ளத்தக்கன அல்ல. தசையில் ஊசி ஏற்றுவதும் தவிர்க்கப்படும்.

இரண்டாவது, தேய்ந்த மூட்டின் நோவு. மீண்டும் மீண்டும் தேங்கிய குருதியிலுள்ள இரும்பு மூட்டின் உட்சவ்வை அழற்றித் தடிக்கச் செய்யும். தடித்த சவ்வோ முன்னிலும் எளிதிற் குருதி கசியும். ஈற்றிற் குருத்தெலும்பு அரிந்துபோம். இந்நோவு காலையில் விறைப்பாய்த் தோன்றி, நடமாடச் சிறிது தளரும். நெடுநேர உழைப்பின்பின் மீளும். இதற்குக் காரணி ஏற்றுதல் மட்டும் போதாது. படுத்தே கிடப்பின் தசை மெலியும்; தசை மெலிந்த மூட்டில் மறுபடியும் குருதி பெருகும். ஆகவே உடற்பயிற்சி மருத்துவர் வகுத்த பயிற்சியும், நீந்துதலும் வேண்டற்பாலன. மிக முற்றியவிடத்துச் செயற்கை மூட்டுப் பொருத்துவர்.

நோவு எழுமுன் காரணியைத் தவணைதோறும் ஏற்றும் முறை 1958இல் சுவீடனில் தொடங்கிற்று. எட்டாம் காரணி குறைந்தோர்க்குத் தோலின்கீழ் ஏற்றும் எமிசிசுமாப் எனும் மருந்து 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயினும் முன்னரே தேய்ந்துபோன மூட்டை இவை பழைய நிலைக்குக் கொணரா. இம்மருந்துகள் கிட்டாது வளர்ந்தோர் பலர் அந்நோவுடனேயே தம் அன்றாடத் தொழிலை ஆற்றி வருகின்றனர்.