தெருவில் கிடைத்த நாய்க்குட்டி

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மதகடியிலும், கட்டடம் எழும்பும் இடங்களின் மணற்குவியலிலும், நம் விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறத்திலும் நாய்க்குட்டிகள் கத்தும் ஒலி கேட்கும். தாய் வண்டியில் அடிபட்டிருக்கும். அல்லது குட்டியை மட்டும் யாரேனும் சாக்கில் கட்டி எறிந்திருப்பார்கள். இரக்கமுள்ள மாணவர் ஒருவர் எடுத்து வருவார்; ஒரு கிண்ணம் பால் வைப்பார். மூன்றாம் நாள் குட்டி இறந்துவிடும். 'அதன் விதி அவ்வளவுதான்' என்போம். விதியன்று, பெரும்பாலும் குளிரும், பாலும், புழுவும் செய்த வேலை அது. எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்னும் வரிசை தெரிந்தால் இவற்றுள் பல குட்டிகள் பிழைத்துவிடும்.

முதலில் வேண்டுவது உணவன்று, வெப்பம். பிறந்து இரண்டு மூன்று வாரம் வரை நாய்க்குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் குறைவு. தாயின் மடிதான் அதற்கு அடுப்பு. உடல் வெப்பம் 34 பாகை செல்சியசுக்கு அருகில் இறங்கிவிட்டால் குடலின் இயக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். அந்நிலையில் ஊட்டும் பால் செரிக்காமல் தங்கிக் கெடும். மூச்சுக்குழலுக்குள் புகவும் கூடும்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதிக் காவலர், கண் அப்போதுதான் திறந்திருந்த பெட்டைக் குட்டி ஒன்றை மழைநீர்க் கால்வாயிலிருந்து எடுத்து வந்தார். நண்பர் ஒருவர் பால் தம்ளருடன் ஓடி வந்தபோது, ஆடு வளர்த்துப் பழகிய அம்முதியவர், "பால் அப்புறம் தம்பி, முதல்ல குட்டி சூடாகட்டும்" என்று தடுத்துவிட்டார். விலங்கியல் பாடநூல் சொல்வதும் அதையே. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துண்டில் சுற்றிக் குட்டியின் அருகில் வைத்து, ஒரு மணி நேரத்திற்கு மேல் மெல்ல மெல்லச் சூடேற்றினோம். ஈறு வெளுத்துத் துவண்டு கிடந்ததால் குளுக்கோஸ் கரைசலை விரலில் தொட்டு ஈற்றில் தடவினோம். அதன் பிறகே உணவு. அன்று முதல் நாள்தோறும் காய்கறி நிறுக்கும் தராசில் அதை நிறுத்து எழுதி வைத்தோம். இது விளையாட்டன்று. குட்டி ஒவ்வொரு நாளும் எடை கூட வேண்டும். ஒரு நாள் கூடாமல் நின்றால், வேறு அறிகுறி தோன்றுமுன்பே ஏதோ கோளாறு என்று அறியலாம்.

பசும்பால் பற்றி ஒரு சொல். நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பால் சர்க்கரையோ குறைவு. ஆகவே பசும்பாலை மட்டும் குடிக்கும் குட்டி வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது, பேதியும் காண்கிறது. குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு நல்லது. கிடைக்காவிடில் பாலில் முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து ஓரிரு நாள் சமாளிக்கலாம். குழந்தையைப் போல மல்லாத்திப் பாலூட்டக்கூடாது. கவிழ்ந்த நிலையில், தலை சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். மூன்று வாரத்திற்கு உட்பட்ட குட்டிக்கு, தாய் நக்கிவிடுவதற்கு ஈடாக, வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடினால்தான் சிறுநீரும் மலமும் கழியும்.

தெருக்குட்டியின் வயிறு பானைபோல் உப்பியிருந்தால் கொழுகொழுவென்று இருப்பதாக மகிழ வேண்டா. அது பெரும்பாலும் புழு. உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் புகுந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே வந்து இரத்தத்தை உறிஞ்சும். எனவே இரண்டு வார வயதிலிருந்தே, இரு வாரத்திற்கு ஒரு முறை, எடைக்கேற்ற அளவில் புழு மருந்து தரவேண்டும். உண்ணிகளை இடுக்கியால் பிடுங்குவதே முறை. மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் கொடியது. குட்டி அதை நக்கி விழுங்கும்.

இவற்றையெல்லாம் தாண்டிய குட்டியையும் கொண்டுபோவது பார்வோ என்னும் நச்சுயிரி. 1978-ஆம் ஆண்டில்தான் இந்நோய் உலகில் அடையாளம் காணப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் கண்டங்கள் தோறும் பரவிவிட்டது. முதலில் சோர்வு, பின் வாந்தி, பிறகு நாற்றமெடுக்கும் இரத்தப் பேதி. குடலின் உட்சுவர் அழிந்து, வெள்ளணுக்கள் குறைந்து, உடலின் நீர் வற்றிக் குட்டி சாகிறது. மருத்துவம் இல்லையேல் பிழைப்பது அரிது. காலத்தில் சிரை வழியே திரவம் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. வாந்தி நிற்கட்டும் என்று ஓர் இரவு காத்திருப்பதுதான் பல குட்டிகளுக்கு எமனாகிறது. மாவட்டந்தோறும் அரசு கால்நடை மருத்துவமனை உண்டு. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை தருகிறார்கள்.

"ஊசி போட்டோமே, எப்படி வந்தது?" என்று கேட்போர் உண்டு. விடை சீம்பாலில் இருக்கிறது. சீம்பால் வழியே தாய் தந்த எதிர்ப்பொருள் சில வாரம் குட்டியைக் காக்கும். ஆனால் அதுவே தடுப்பூசியையும் செயலற்றதாக்கிவிடும். அது எந்த வாரத்தில் மறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். சீம்பால் குடித்ததா என்பதே தெரியாத தெருக்குட்டிக்கு நாள் குறிப்பது எங்ஙனம்? அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். முதல் ஊசியோடு நிறுத்துவது பாதிப் பாலம் கட்டியதைப் போன்றது. ஊசிகள் முடியும்வரை பிற நாய்கள் திரியும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாதிருத்தல் நலம். இந்நச்சுயிரி மண்ணில் பல மாதம் உயிர்ப்போடு கிடக்கும். பினாயிலுக்கு அஞ்சாது, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கே அடங்கும். பார்வோவில் ஒரு குட்டி இறந்த இடத்தில், ஊசி போடாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவந்து வைப்பது வீண் கொலை.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம். அதுவரை குட்டியைத் தொட்டுத் தூக்கும் நாமும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பால் பல் கீறினாலும் கடி கடியே. கீறலைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு ஊசி இலவசம். குட்டிதானே என்று விட்டுவிட்டு, நோய் வெளிப்பட்ட பின் சென்றால் மருத்துவரிடம் மருந்தில்லை.