குமிழி நீரும் குழாயின் நடுக்கமும்

ஓடும் நீரில் நாட்டிய கம்பத்தின் பின்னால், நீர் இடமும் வலமும் மாறிமாறிச் சுழித்துச் செல்வதைப் பலரும் கண்டிருப்பர். இச்சுழி வரிசையைத் தியோடர் வொன் கார்மன் 1911ஆம் ஆண்டிற் கணித முறையால் ஆராய்ந்தார். ஒவ்வொரு சுழியும் கழலுந்தோறும் கம்பம் பக்கவாட்டில் உந்தப்படுகின்றது. நீரிற் குமிழிகள் கலந்தாலோ நிலைமை மேலுஞ் சிக்கலாகும். நீரிலும் இலேசான குமிழிகள், அமுக்கம் குறைந்த சுழியின் நடுவை நாடிச் சேர்கின்றன. சுழியின் இயல்பும் மாறுகின்றது.

இஃது ஆய்வுகூட வேடிக்கையன்று. அணுமின் நிலையங்களிற் கொதிநீராவியைப் பிறப்பிக்கும் கலங்களில், ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களைச் சூழ்ந்து நீர் கொதித்து ஓடுகின்றது. கலிபோர்னியாவின் சான் ஒனோஃபிரே நிலையத்திற் புதிதாகப் பொருத்திய கலமொன்று, ஓராண்டு நிறையுமுன், 2012 சனவரி 31ஆம் நாள் கசிந்தது. குழாய்கள் நடுங்கி ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்திருந்தன. வடிவமைப்புக் கணக்கிலே பாய்ச்சலின் வேகம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. 2013இல் அந்நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டது.

கணக்கைச் சரிபார்க்க அளவீடு வேண்டும். ஆனால், பாய்ச்சலினுள் நுழைக்குங் கருவியே பாய்ச்சலைக் குலைத்துவிடும். ஆகவே ஒளியின் துணை நாடப்படுகின்றது. ஆய்வுத் தொட்டியின் பின்னால் விளக்கேற்றி, செக்கனுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்குங் கமராவினாற் குமிழிகளின் நிழல்கள் பதிவு செய்யப்படுகின்றன. அடுத்தடுத்த இரு படங்களில் ஒரு குமிழி நகர்ந்த தூரத்தை இடைப்பட்ட நேரத்தாற் பிரித்தால் வேகம் கிடைக்கும்.

நீரின் வேகத்தை அறிய, ஒளிருஞ் சாயமூட்டிய நுண்டுகள்கள் நீரிற் கலக்கப்படுகின்றன. மெல்லிய தகடு போன்ற பச்சை லேசர் ஒளி பட்டதும் அவை செம்மஞ்சளாக ஒளிரும். பச்சையைத் தடுக்கும் வடிகட்டி கமராவின் முன் இருப்பதால், குமிழிகளின் கண்கூசும் பிரதிபலிப்பு அகன்று, துகள்கள் மட்டுமே தோன்றும்.

உருளையே பின்புறத்தை மறைத்தால் என் செய்வது? நீரின் முறிவுச்சுட்டி 1.33, சிலவகைப் புளோரின் பிளாத்திக்கின் முறிவுச்சுட்டி 1.34. அப்பொருளாற் செய்த மெல்லிய குழாயுள் நீரை நிரப்பினால், அது ஏறக்குறையக் கண்ணுக்குப் புலப்படாது மறைந்துவிடும்.

இம்முறைகளுக்கும் எல்லையுண்டு. குமிழிகள் மலிந்தால் நீர் பால்போல் வெளுத்து, ஒளி ஊடுருவாது. அப்போது எக்ஸ் கதிர் துணைபுரிகின்றது. நீர் அதனை மிகுதியாக உறிஞ்ச, வாயு எளிதில் வழிவிடும். நொடியில் மறையும் குமிழியின் நிழலை இவ்வாறு அளந்தறிவது, பல்லாண்டு உழைக்கவேண்டிய குழாயைக் காக்கும் வழியாகின்றது.