காபி சரியில்லையா? மெஷின் வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

"ஊர்ல குடிச்ச காபி மாதிரி இல்லையே!"

கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ, ஏன், மாம்பலத்திலிருந்தோ குன்றத்தூர் பக்கம் குடிவந்த குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. முதலில் பொடியை மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்து பால் பாக்கெட்டை மாற்றுவார்கள். கடைசியில், "நல்ல காபி மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்" என்று ஆன்லைனில் தேட ஆரம்பிப்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அலமாரியில் இருக்கும் பழைய எவர்சில்வர் பில்டரிலேயே கள்ளிச்சொட்டு டிகாஷன் இறங்கும். அதற்கு நான்கு விஷயங்களைக் கவனித்தால் போதும். பொடியில் என்ன கலந்திருக்கிறது, எப்போது அரைத்தது, எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம். இந்த நான்கும் சரியில்லை என்றால், எத்தனை ஆயிரம் ரூபாய் மெஷினும் உதவாது.

இப்போது இதைப் பேசக் காரணமும் இருக்கிறது. பிரேசிலின் வறட்சியால் 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிகா காபி விலை, ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. கொட்டை விலை ஏறினால் நம் வீட்டு மளிகைக் கணக்கிலும் அது தெரியும். ஒவ்வொரு ஸ்பூன் பொடியும் காசு!

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்

சிக்கரி என்பது காபியே அல்ல. அது ஒரு செடியின் கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. காயவைத்து, வறுத்து, அரைத்துக் காபிப் பொடியில் கலக்கிறார்கள். அதில் கஃபைன் கிடையாது. தண்ணீரில் சீக்கிரம் கரைந்து கெட்டியான நிறத்தையும், லேசான இனிப்பு கலந்த கசப்பையும் தரும். அளவாக இருந்தால் தவறே இல்லை. நம் ஊர்க் காபியின் ருசியில் அதற்கும் பங்கு உண்டு.

கேள்வி, எவ்வளவு என்பதுதான். காபி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவிகிதம் காபி இருக்க வேண்டும், இரண்டின் சதவிகிதத்தையும் லேபிளில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 80:20, 70:30, 60:40 என்று பல கலவைகள் கடையில் கிடைக்கின்றன. பாதிக்குப் பாதியை நெருங்கும் கலவைகளும் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. 60:40 கலவையில் அரைக் கிலோ வாங்கினால், அதில் காபி 300 கிராம். மீதி 200 கிராம் சிக்கரி. 80:20 வாங்கினால் காபி 400 கிராம். சிக்கரி, காபியைவிட விலை மிகவும் குறைவு. அதனால் பாக்கெட் விலையை மட்டும் ஒப்பிடாமல், உள்ளே இருக்கும் காபி ஒரு கிராம் என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். 'சகாயம்' என்று நினைத்தது சில சமயம் சகாயமாக இருக்காது.

லேபிள் இல்லாமல் சில்லறையில் வாங்கிய பொடியா? ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மேலே அரை ஸ்பூன் பொடியைத் தூவுங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில், பழுப்பு நிறக் கோடு போட்டுக்கொண்டே அடியில் இறங்கும்.

அரைத்தது எப்போது?

வறுத்து அரைக்கும் கடை வாசலில் நம்மை நிறுத்துகிற அந்த மணம், பொடியாக்கிய நிமிடத்திலிருந்து காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் ஒரு கிலோ வாங்கி வைத்தால், கடைசி வாரத்தில் நிறமும் கசப்பும்தான் மிஞ்சும். வாரத்துக்கு 150 அல்லது 200 கிராம் அவ்வப்போது அரைத்து வாங்குவதே நல்லது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து அடிக்கடி எடுத்துத் திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

கடையில் 'பீபெரி' வேண்டுமா, 'பிளாண்டேஷன் ஏ' வேண்டுமா என்று கேட்பார்கள். காபிப் பழத்தில் வழக்கமாக இரண்டு விதைகள் இருக்கும். ஒன்று மட்டும் உருண்டையாக வளர்ந்தால் அது பீபெரி. பிளாண்டேஷன் ஏ என்பது, பழத்தோல் நீக்கி, நீரில் கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய அளவு ரகம். அரபிகாவில் மணமும் மெல்லிய புளிப்பும் தூக்கல். ரோபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் தூக்கல், கஃபைனும் ஏறத்தாழ இரு மடங்கு. பால் ஊற்றியும் காபி 'நிற்க' வேண்டும் என்பவர்கள் அரபிகாவோடு கொஞ்சம் ரோபஸ்டா சேர்த்து அரைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை யாரும் சந்தேகிப்பதில்லை!

ஊர் மாறியதும் காபி ருசி மாறியதற்குப் பெரிய காரணம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. டிகாஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான்!

சென்னைக்கே குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி குன்றத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் இந்தப் பகுதியின் புதிய குடியிருப்புகள் பலவற்றில் போர் தண்ணீர், ஆர்.ஓ. மெஷின், 20 லிட்டர் கேன் என்றுதான் பிழைப்பு ஓடுகிறது. பல்லாவரம், பம்மல், தாம்பரம் பக்கமும் இதே கதைதான்.

தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அது உப்புத் தண்ணீர். அதிலுள்ள பைகார்பனேட், காபியின் மெல்லிய புளிப்பை அமுக்கிவிடும். காபி சப்பென்று இருக்கும். அதற்காக உப்பே இல்லாத தண்ணீரும் சரிப்படாது. காபியின் சாரத்தை இறக்கிக் கொண்டுவர, தண்ணீரில் கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். காபி வல்லுநர்கள் சொல்லும் அளவு, லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் டி.டி.எஸ். 75 முதல் 250 வரை இருக்கலாம்.

உங்கள் ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். மிகக் குறைவாக இருந்தால், சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லிக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பொடியை ஆர்.ஓ. நீரில் ஒரு முறை, கேன் நீரில் ஒரு முறை இறக்கி, பால் சேர்க்காமல் ஒரு ஸ்பூன் ருசித்துப் பாருங்கள். வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

பில்டரை அவசரப்படுத்தாதீர்கள்

நான்கு பேருக்கு அளவு இதோ. பில்டரின் மேலடுக்கில் 30 கிராம் பொடி, அதாவது மூன்று மேஜைக்கரண்டி குவித்து. சமமாகப் பரப்பி, குடையை மேலே லேசாக வையுங்கள். பலம் கொடுத்து அழுத்தினால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் கழித்து 200 மி.லி. அளந்து ஊற்றுங்கள். முதலில் பொடி நனையும் அளவு, பிறகு மீதி. மூடிவிட்டு 20 நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொடி கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கீழே சுமார் 140 மி.லி. டிகாஷன் இருக்கும்.

ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரைவை பெரிது. ஒரு மணி நேரமாகியும் சொட்டவில்லை என்றால் அரைவை மிகவும் நைஸ், அல்லது ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. மேலடுக்கின் அடிப்பகுதியை அடுப்புத் தீயில் சில நொடிகள் காட்டி, ஆறியதும் தட்டிக் கழுவினால் ஓட்டைகள் திறக்கும்.

டிகாஷனை ஒருபோதும் கொதிக்கவிடாதீர்கள். ஆறிவிட்டால் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். இல்லாவிட்டால், பொங்கிய பாலைச் சுடச்சுட ஊற்றினாலே போதும்.

சரி, மெஷினே வேண்டாமா?

வேண்டும் என்றால், எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். 1933-ல் இத்தாலியில் வந்த மோக்கா பாட், ஆவி அழுத்தத்தில் ஐந்தாறு நிமிடத்தில் கெட்டி டிகாஷன் தரும். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்களுக்கு ஏற்றது. பால் சேர்த்தும் குடிக்கலாம். 2005-ல் அமெரிக்காவில் வந்த ஏரோபிரெஸ், கண்ணாடிக் குடுவையில் ஊறவைக்கும் ஃபிரெஞ்ச் பிரெஸ், காகித வடிகட்டி ஆகியவை பால் இல்லாத காபிக்குப் பொருத்தம். இவற்றில் சிக்கரி கலந்த நைஸ் பொடியைப் போட்டால் கிடைப்பது குழப்பம்தான்.

வீட்டில் நான்கு நாக்கு, நான்கு ருசி என்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. காபிப் பொடியைக் கலப்பில்லாமல் வாங்குங்கள். சிக்கரியைத் தனியே 50 கிராம் வாங்குங்கள். தாத்தாவுக்கு வேண்டிய 80:20-ஐயும், பேரனுக்கு வேண்டிய சுத்தக் காபியையும் நீங்களே கலந்துகொள்ளலாம்.

முதல் டிகாஷன் யாருக்கு?

வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூல், தமிழ் வீடுகளுக்குள் காபி எப்படி நுழைந்தது என்பதைச் சொல்கிறது. நீராகாரம் இருந்த இடத்தை நூறாண்டுகளுக்குள் காபி பிடித்துக்கொண்டது. ஆனால், அதைப் போடும் வேலை மட்டும் இன்னும் பெரும்பாலும் ஒருவர் தலையில்தான்.

காலையில் முதலில் எழுபவர் அம்மா. முதல் டிகாஷன் வீட்டில் எல்லோருக்கும். அதே பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றி எடுத்த இரண்டாம் டிகாஷன் அம்மாவுக்கு. அதையும் டிபன் வேலை முடிந்த பிறகு, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பார். இதில் ருசி மட்டும் போகவில்லை. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்கிறது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை அவை தடுக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் இது சின்ன விஷயம் அல்ல.

அதே வழிகாட்டுதல், ஒரு நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபைனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மி.லி. டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும். மூன்று வேளைக்கு மேல் கேட்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இன்னும் குறைவாக, டாக்டரின் ஆலோசனைப்படி குடிக்க வேண்டும்.

நாளைக் காலையிலிருந்து ஒன்று செய்யலாம். பில்டரில் பொடி போடுவது இரவே நடக்கட்டும். அது அப்பாவோ பிள்ளையோ செய்யும் வேலையாக இருக்கட்டும். இறங்கிய முதல் டிகாஷனில் முதல் டம்ளர், டிபன் வேலை தொடங்கும் முன்பே, நுரை பொங்க ஆற்றி அம்மா கைக்குப் போகட்டும். காபி எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். உப்புத் தண்ணீரா, பழைய பொடியா, சிக்கரி அதிகமா என்று சரியாகச் சொல்லிவிடுவார். இத்தனை வருடம் அதைப் போட்டவர் அவர்தானே!