விளைபொருளும் நற்பெயரும்

விளைவித்தால் மட்டும் போதாது. விளைந்த பொருளுக்கு நற்பெயரும் தேடவேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும், மூட்டை சந்தையைக் கடந்ததும் விளைவித்தவர் பெயர் மறைந்துவிடுகிறது. மஞ்சளைப் பொடியாக்கி நேரே விற்கும் உழவர் தம் பெயரை நிலைநாட்ட இன்று கைபேசி துணைபுரிகிறது.

2018-இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருளின் படம், எடை, விலை ஆகியவற்றைப் பட்டியலாக வைக்கலாம். மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, அரைப்பதைப் படம்பிடித்து முகநூலில் காட்டலாம். நிறம் கூட்டுவதற்காக லெட் குரோமேட் என்னும் காரீய நஞ்சைச் சிலர் கலப்பதுண்டு. ஆதலின் ஆய்வுக்கூடச் சான்றையும் உடன் வெளியிட்டால் வாங்குவோர் ஐயம் நீங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண்ணை உறையில் அச்சிடுதல் வேண்டும். புவிசார் குறியீட்டைப் பயன்படுத்தத் தனியே பதிவு பெறுவதும் அவசியம்.

படம் வெளியிடுவதோடு கடமை முடிந்துவிடாது. கேட்டவருக்கு அன்றே விடை தரவேண்டும். குறை கூறியவரின் சொல்லை அழித்தலாகாது; பிழையை ஒப்புக்கொண்டு மாற்றுப்பொருள் அனுப்பவேண்டும். அந்த நேர்மையைப் பலரும் காண்பர். அதுவே சிறந்த விளம்பரம்.

ஊராட்சி உறுப்பினர்கள் உழவர்களையும் மகளிர் சுயஉதவிக் குழுக்களையும் ஒன்றுகூட்டி, ஒரே பெயரில், ஒரே தரத்தில் விற்க வழிகாட்டுமாறு வேண்டுகிறோம். ஒருவர் செய்யும் கலப்படம் ஊரார் அனைவரின் பெயரையும் கெடுத்துவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.