ஜன்னலுக்கும் ஒரு குடை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கவலைகள் தலைகாட்டும். ஒன்று தேர்வு, மற்றொன்று வெயில். மேற்கு பார்த்த அறையில் அமர்ந்து படிப்பவர்களுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேரும். மாலை நான்கு மணிக்கு மின்விசிறியைச் சுழலவிட்டாலும் அது அனல் காற்றையே வீசும். பொழுது சாய்ந்த பின்னும் அறையின் புழுக்கம் தணிவதில்லை. இந்தச் சூடு எந்த வழியே உள்ளே வந்தது?

கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் சூடு வருவது உண்மைதான். ஆனால் அது மெல்ல மெல்ல வருகிறது. ஜன்னல் வழியே வரும் வெயிலோ அந்தக் கணமே உள்ளே வந்துவிடுகிறது. அதிலும் கண்ணாடி ஜன்னலின் இயல்பு விந்தையானது. சூரிய ஒளியை அது தடையின்றி உள்ளே விடுகிறது. அந்த ஒளி தரையிலும் மேசையிலும் படுக்கையிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய பொருள்கள் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. நீண்ட அலை கொண்ட இக்கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. வருகிறவர்களை எல்லாம் உள்ளே விட்டு, போகிறவர்களை மட்டும் தடுக்கும் காவற்காரனைப் போன்றது அது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிவான கோடைகால மாலையில், மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 500 வாட் அளவுக்கு வெயில் விழுவதாகக் கொள்வோம். நான்கடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஜன்னலின் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். ஆகவே அதன்மேல் விழுவது 750 வாட். சாதாரணக் கண்ணாடி இதில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 600 வாட்டை, உள்ளே விட்டுவிடும். நாம் துணி தேய்க்கும் சிறிய மின்சார இஸ்திரிப் பெட்டியின் திறன் 750 வாட். அதனை அறையின் நடுவே சூடாக வைத்துவிட்டு யாராவது படிக்க உட்காருவார்களா?

குளிர் நாடுகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே கணப்பு மூட்டி உண்டாக்கிய சூடு ஜன்னல் வழியே வெளியேறிவிடுகிறது. 1973ஆம் ஆண்டு இறுதியில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் நான்கு மடங்காக உயர்ந்தபோது, மேலை நாட்டினர் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் வழிகளில் மிகுந்த கருத்துச் செலுத்தினர். பஞ்சு வைத்துத் தைத்த கனத்த திரைகளும், தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட மடிப்புத் திரைகளும் அங்கே பயன்படுகின்றன. அத்தகைய திரையினுள் அசையாமல் தங்கும் காற்றே சூட்டைத் தடுக்கிறது. தேன்கூட்டுத் திரையைச் சரியாகப் பொருத்தினால், ஜன்னல் வழியே போகும் சூட்டை 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது.

அப்படியானால் நாமும் கனத்த திரையை வாங்கி உள்ளே தொங்கவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். நமக்குத் தொல்லை தருவது நேரடி வெயில். உள்ளே தொங்கும் திரையின்மேல் வெயில் படும்போது, அது ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்துவிட்டது. திரை சூடாகி, அச்சூட்டை அறைக்கே தருகிறது. வெண்மையான பிளாஸ்டிக் உட்புறம் கொண்ட திரைச்சீலை வெயிலின் சூட்டில் 33 விழுக்காட்டைக் குறைக்கும் என்றும், மேற்கு ஜன்னலுக்கு வெளியே அமைக்கும் சாய்ப்பு 77 விழுக்காடு வரை குறைக்கும் என்றும் அதே துறை தெரிவிக்கிறது. குடையை நாம் தலைக்கு மேலே பிடிக்கிறோமே தவிர, சட்டைக்கு உள்ளே வைத்துக்கொள்வதில்லை அல்லவா?

இந்த உண்மையை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். தாழ்வாரத்தில் மூங்கில் தட்டியும் ஓலைத் தட்டியும் கட்டினர். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தனர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியைத் தட்டி வழியே வரும் காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்ந்து மணத்துடன் உள்ளே வருகிறது. மதுரை, திருச்சி போன்ற ஊர்களின் வறண்ட வெயிலுக்கு இது மிகவும் ஏற்றது. கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் பயன் குறைவு. அங்கே நனைக்காத தட்டியே நலம்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை எவை? முதலில் கிழக்கு, மேற்கு ஜன்னல்களைக் கவனிக்க வேண்டும். உச்சி வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும் வெயிலை அதனால் தடுக்க இயலாது. ஆகவே அந்த ஜன்னல்களின் வெளிப்புறத்தில் மூங்கில் தட்டி கட்டலாம். விலை அதிகமெனில் பழைய கோரைப்பாயே போதும். கண்ணாடியோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினால், நடுவிலுள்ள சூடான காற்று மேலே போய்விடும். கிழக்குத் தட்டியைக் காலையிலும், மேற்குத் தட்டியை நண்பகலிலும் இறக்கிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் எல்லாத் தட்டிகளையும் சுருட்டி, ஜன்னல்களைத் திறந்து இரவுக் காற்றை வரவேற்க வேண்டும்.

ஏர்கண்டிஷனர் உள்ள வீட்டுக்கு இவை எதற்கு என்று கேட்கலாம். அந்த இயந்திரம் சூட்டை அழிப்பதில்லை. நம் அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அந்தத் தெருவில்தான் காய்கறி விற்கும் அம்மாவும் ரிக்‌ஷா ஓட்டும் பெரியவரும் இருக்கிறார்கள். அதற்கான மின்சாரத்தின் பெரும்பகுதி நம் நாட்டில் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பெருகிவரும் ஏர்கண்டிஷனர் பயன்பாட்டைத் தீமை தரும் நுகர்வுப் பழக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். தேவைப்படுவோர் அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் வெயிலை வெளியிலேயே நிறுத்திவிட்டால் அது குறைந்த நேரம் ஓடும், மின் கட்டணமும் குறையும்.

'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பது பழமொழி. அந்த அருமையை அதிகம் உணர்பவர்கள் நோயாளிகளும் முதியோரும் கைக்குழந்தைகளுமே. இந்தக் கோடை விடுமுறையில் நம் வீட்டு மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டி கட்டுவோம். பிறகு, அடுத்த வீட்டில் தனியே இருக்கும் பாட்டியின் ஜன்னலுக்கும் ஒன்று கட்டிக் கொடுப்போம். ஒரு பழைய பாயும் இரண்டு முழம் கயிறும் சற்றே மனமும் இருந்தால் போதும். இன்னொருவருக்கு நாம் நிழல் தர முடியும்.