ஹெப்பரினும் அதனால் விளையும் ஊறுகளும்

காயம்பட்ட இடத்திற் குருதி உறைவது உயிருக்குக் காப்பாகும். அவ்வுறைதல் நாளங்களினுள்ளே நிகழுமாயின் மாரடைப்பு முதலிய பெருங்கேடுகள் விளையும். சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியை இயந்திரத்தினூடாகச் செலுத்திச் சுத்திகரிக்கும்போதும் அஃது உறையாதிருத்தல் வேண்டும். இதற்கெனப் பயன்படும் மருந்துகளுள் தலையாயது ஹெப்பரின்.

1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர், குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடுகையில், அதற்கு மாறாக, உறைதலைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டார். அவருடைய ஆசிரியராகிய ஹவல் 1918-இல், ஈரலைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லினின்று ஹெப்பரின் என்னும் பெயரை ஆக்கினார். இன்று அது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து பெறப்படுகின்றது.

2007-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில், குருதிச் சுத்திகரிப்புக்கு உட்பட்ட சிறுவர் சிலருக்கு முகவீக்கமும் குருதியழுத்த வீழ்ச்சியும் திடீரெனத் தோன்றின. 2008-இல் மருந்து மீளப் பெறப்பட்டது. 80-க்கும் மேற்பட்ட இறப்புகள் அதனோடு தொடர்புடையனவாக இருக்கலாமென அறிவிக்கப்பட்டது. ஆராய்ந்தபோது, சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில், மிகைச் சல்பேற்றேற்றிய கொண்ட்ரொயிற்றின் என்னும் மலிவான கலப்படப்பொருள் காணப்பட்டது. குருதியை உறையவிடாத அதன் தன்மையால், அக்காலத்து வழக்கமான சோதனைகள் அதனை ஹெப்பரினிலிருந்து பிரித்தறியவில்லை. இந்திய வம்சாவளியினரான ராம் சசிசேகரன் உள்ளிட்ட ஆய்வாளர், கருக் காந்தப் பரிவு முதலிய முறைகளால் அதனை இனங்கண்டனர்.

இதனை உண்மையான ஒவ்வாமை எனல் பொருந்தாது. ஒவ்வாமையில், முன்னர் அறிமுகமான பொருளுக்கெதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகள் செயற்படும். இம்மாசோ குருதியிலுள்ள கலிக்கிரெயின் என்னும் நொதியை நேரே தூண்டி, நாளங்களை விரிக்கும் பிரடிக்கினினைப் பெருக்கியது. ஆதலின் முதன்முறை மருந்தேற்றோரும் இடருற்றனர்.

தூய ஹெப்பரினும் முற்றும் தீங்கற்றதன்று. சிலரில், மருந்து தொடங்கி 5 முதல் 10 நாட்களில் குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. குருதிப்பெருக்குக்குப் பதிலாகப் புதிய உறைவுகள் தோன்றுவதே இதன் விந்தை. அந்நிலையில் ஹெப்பரினை உடனே நிறுத்தி வேறு மருந்து கொடுத்தல் வேண்டும்.

நற்பிட்டிமுனை, கல்முனைக் கரையோர மக்களுக்கும் இவ்வறிவு பயன்படுவதாகும். ஹெப்பரின் பெற்றபின் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ முன்பு தோன்றியிருப்பின், அதனை வைத்தியருக்கு முதலிலேயே தெரிவித்தல் கடன். மருந்தின் பிறப்பிடம் பற்றிச் சமயநெறி சார்ந்த ஐயமுடையோரும் அவ்வாறே வினவலாம். விலங்கிலிருந்து பெறப்படாத ஃபொண்டபரினக்ஸ் போன்ற செயற்கை மருந்துகளும் உள. எனினும் தாமே அஞ்சி மருந்தை நிறுத்திவிடுதல் உறைவினாலாகும் இறப்பை அழைப்பதாகும். நோயாளர் உரைப்பதும், வைத்தியர் கேட்பதும், மருந்து செய்வோர் தூய்மை பேணுவதும் ஒருங்கு நிகழ்ந்தாலன்றி உயிர்க்காப்பு நிறைவுறாது.