ஒன்பதரை மணி நேரப் பயணம் பதின்மூன்று மணி நேரமான கதை

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரம், நேரம் இரண்டையும் நொடியில் சொல்லிவிடும் செயலிகள் ஏராளம். ஃபின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குக் கேட்டுப் பாருங்கள். சுமார் 7,800 கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம் என்று வரும். தூரத்தில் பிழையில்லை. ஆனால் அந்த நேரத்தை நம்பி யாரையும் டோக்கியோவில் காத்திருக்கச் சொல்லிவிடாதீர்கள். இப்போது ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது.

உலக உருண்டையில் இந்த இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் காரணம் தெரியும். நூலின் பெரும்பகுதி ரஷ்யா மீதுதான் கிடக்கும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூடின; பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது.

அடி யாருக்கு என்றால், ஃபின்ஏர் நிறுவனத்துக்கு. ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருப்பதையே முதலாக்கி, ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்களிடம்தான் என்று தொழில் செய்த நிறுவனம் அது. கணக்கு எளிது. போக ஒன்பதரை, வர ஒன்பதரை என்று வைத்தால் 19 மணி நேரம். துப்புரவு, எரிபொருள், பயணிகள் ஏறி இறங்க மீதி ஐந்து மணி. ஆக, ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் ஆசியா போய்த் திரும்பி, மறுநாளும் அதே நேரத்துக்குக் கிளம்பலாம். இப்போது பறப்பதற்கே 26 மணி நேரம். பயணிக்கு மூன்றரை மணி நேர அலுப்பு. நிறுவனத்துக்கோ அட்டவணையே குலைந்துபோனது. இதையெல்லாம் எந்தச் செயலி காட்டும்?

மாற்று வழிகள் இரண்டு. ஒன்று தெற்கே இறங்கி, துருக்கி, மத்திய ஆசியா, சீனா என்று சுற்றுவது. மற்றொன்று வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கம் இறங்குவது. எது என்பதை அன்றைய காற்று முடிவு செய்யும். துருவ வழியில் வேறொரு கவலையும் உண்டு. விமான எரிபொருளில் ஒரு வகை மைனஸ் 40 டிகிரியிலும், இன்னொன்று மைனஸ் 47 டிகிரியிலும் உறையத் தொடங்கும். அதனால் டாங்கியின் வெப்பநிலை மீது விமானிகளுக்கு எப்போதும் ஒரு கண். பயணிகளுக்கோ துருவம் கடந்ததற்குச் சான்றிதழ் தருகிறார்கள்! தாமதத்தையே பரிசாக்கும் வித்தை.

இது புது வழியும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான் எளிதில் திறக்காது. 1957-இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். கோபன்ஹேகனிலிருந்து துருவப் பாதையில் டோக்கியோ போனது; நடுவில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். அந்த நிலையத்தில் ஜப்பானியப் பயணிகளை நம்பியே ஊடோன் நூடுல்ஸ் கடை ஒன்று நடந்தது. 1983 ஏப்ரலில் ஃபின்ஏரின் டி.சி.-10 எங்கும் இறங்காமல் துருவம் சுற்றி டோக்கியோவைத் தொட்டது. அன்றும் சுமார் 13 மணி நேரம்தான். அதே ஆண்டு செப்டம்பரில், ஆங்கரேஜிலிருந்து கிளம்பிப் பாதை தவறிய கொரிய விமானத்தை சோவியத் படை சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். சுற்றுப்பாதைக்கு அர்த்தம் அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

இன்றைய ரஷ்ய வான் தடை சீன விமானங்களுக்குக் கிடையாது. அவை இன்றும் சைபீரியா மீது பறந்து ஐரோப்பாவுக்கு வருகின்றன. நேரமும் மிச்சம், எரிபொருளும் மிச்சம். இது நியாயமான போட்டியா என்று ஐரோப்பிய நிறுவனங்கள் பொருமிக்கொண்டிருக்கின்றன.